பெயரில் ஸ்டேபிள் இருந்தால் போதுமா? புதிதாக வருபவர்கள் கிளை தேர்ந்தெடுக்கும் வழி

"இன்னைக்கு ஏழாம் நம்பர் மலை" என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சொன்னால் தோட்டத்தில் எல்லோருக்கும் புரியும். ஏழாம் இலக்கத் தேயிலை நிலம், இன்றைக்குக் கொழுந்து அங்கே. கொழும்பிலிருந்து வந்த விருந்தாளி அதைக் கேட்டுவிட்டு அண்ணாந்து சிகரத்தைத் தேடுவார். "ஸ்டோர்" என்றால் நமக்குத் தேயிலை ஆலை, டவுனில் அது கடை. சொல் ஒன்றுதான், ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறுகிறது. திறந்த மூல ஓஎஸ்களில் "ஸ்டேபிள்" என்ற சொல்லின் கதையும் இதேதான். (பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படித்திருப்பீர்கள். எழுத வசதியாக ஓஎஸ் என்றே போடுகிறேன்.)

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவே ஒரு தோட்டத்தில், வாசிகசாலைக்குப் பக்கத்து அறையில் சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். பழைய மெஷின்கள் ஆறு. அதில் ஒன்றைப் பிள்ளைகளின் பைல்களைச் சேர்த்துவைக்கும் சர்வராக்க நினைத்து ஃப்ரீபிஎஸ்டி என்ற திறந்த மூல ஓஎஸைப் போட்டேன். பதிவிறக்கப் பக்கத்தில் 14-ரிலீஸ், 14-ஸ்டேபிள் என்று இரண்டு. "ஸ்டேபிள்னா நிலையானதுதானே, அதையே போடுவோம்" என்று அதை எடுத்தேன். சில வாரம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வந்தது. வழக்கமான அப்டேட் கட்டளையை அடித்தால், இது ரிலீஸ் பதிப்பு இல்லை, என்னால் முடியாது என்று கைவிரித்துவிட்டது. மூலநிரலை இறக்கி, ஓஎஸ் முழுவதையும் அந்த மெஷினிலேயே கட்டவேண்டுமாம். இரண்டு கோர் உள்ள கிழட்டு மெஷின். காலை எட்டுக்குத் தொடங்கினேன். பிற்பகல் மூன்றரைக்கு இடி இடித்தது, கரண்ட் போனது. கட்டி முடித்து நிறுவாதவரை பழைய ஓஎஸ் அப்படியே இருக்கும் என்பதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனால் ஒரு நாள் வேலை போச்சு. பக்கத்தில் நின்ற உயர்தர மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், பேர்லயே ஸ்டேபிள்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் இந்தப் பாடு?"

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கீழே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். கட்டளைகளைத் தமிழ் ஒலியில் தருகிறேன். மெஷினில் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டவேண்டும்.

முதல் படி: யார் வீட்டு ஸ்டேபிள் என்று பாருங்கள்

ஃப்ரீபிஎஸ்டியில் மூன்று கிளை உண்டு, ஒரே ஓஎஸ் மூன்று வழியாக வளர்வது போல. புது வேலை எல்லாம் முதலில் போய் விழுவது "கரண்ட்" கிளையில். மின்சாரம் இல்லை, பெயரே அதுதான். அங்கே சில நாள் ஊறி, பெரிதாக எதுவும் உடையவில்லை என்று தெரிந்த மாற்றங்களை எடுத்து "ஸ்டேபிள்" கிளையில் சேர்ப்பார்கள். வழக்கமாகக் குறைந்தது மூன்று நாளாவது ஊறவிடுவது. அந்த ஸ்டேபிளிலிருந்து ஒரு நாள் தனியாக ஒரு கிளையை வெட்டி எடுத்து, பீட்டா, ஆர்சி என்ற முன்னோட்டப் பதிப்புகளாகச் சோதித்து வெளியிடுவதுதான் "ரிலீஸ்". வெளிவந்த பிறகு ரிலீஸுக்குள் பாதுகாப்புத் திருத்தமும் முக்கியமான பிழைத் திருத்தமும் மட்டுமே போகும். புது வசதிக்கு அங்கே இடமில்லை.

ஆக, அங்கே ஸ்டேபிள் என்பது தினமும் மாறுகிற ஒரு வளர்ச்சிக் கிளை. அப்படியானால் எது நிலையானது? மென்பொருளுக்கும் ஓஎஸுக்கும் இடையிலான ஒப்பந்தம். 14.0 இல் ஓடிய நிரல் 14 வரிசை முழுவதும் ஓடவேண்டும், அதை உடைக்கிற மாற்றம் உள்ளே வரக்கூடாது. நிரல் எழுதுபவருக்கு அது பெரிய வாக்குறுதி. "என் சர்வர் ஆடாமல் இருக்குமா" என்று கேட்கிற நமக்கு அது பதிலே இல்லை. அவர்களுடைய கைநூலே பெரும்பாலானவர்களுக்கு ரிலீஸைத்தான் பரிந்துரைக்கிறது. நான் அதைப் படித்தது மெஷின் போட்ட பிறகு.

ஃப்ரீபிஎஸ்டியின் உறவுக்கார ஓஎஸான ஓபன்பிஎஸ்டிக்குப் போனால் இதே மூன்று பெயர், அர்த்தம் மட்டும் வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு ரிலீஸ் வரும். அந்த ரிலீஸோடு திருத்தங்களையும் சேர்த்தால் அதுதான் ஸ்டேபிள். புது வசதி எதுவும் அதில் நுழையாது. ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் ரிலீஸ் என்று எதைச் சொல்கிறார்களோ, அதற்குக் கிட்டத்தட்டச் சமமானது ஓபன்பிஎஸ்டியின் ஸ்டேபிள். இரண்டையும் வைத்திருப்பவர்கள் பேசும்போது நம்மைப்போன்ற ஆள் குழம்பாமல் என்ன செய்வான்?

லினக்ஸ் வகை ஓஎஸான டெபியனில் நிலைமை இன்னும் வேறு. அங்கே ஸ்டேபிள்தான் வெளியிடப்பட்ட பதிப்பு. ரிலீஸ், ஸ்டேபிள் என்று இரண்டு கிடையாது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய ஸ்டேபிள் வரும். 2023 ஜூன் 10 இல் டெபியன் 12 புக்வர்ம், 2025 ஆகஸ்ட் 9 இல் டெபியன் 13 டிரிக்ஸி. அடுத்த ஸ்டேபிளாகத் தயாராகிக்கொண்டிருப்பது டெஸ்டிங். எப்போதும் கலங்கியே இருப்பது அன்ஸ்டேபிள், அதற்குச் செல்லப்பெயர் சிட். டெபியனில் ஸ்டேபிள் என்ற பெயரைப் பார்த்து எடுத்தால் சரியானதைத்தான் எடுத்திருப்பீர்கள். நான் ஏமாந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவில் ஸ்டேபிள் என்ற பேச்சே இல்லை, எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) உண்டா என்று மட்டும் பாருங்கள். இரட்டைப்படை ஆண்டுகளில் ஏப்ரலில் வருவது எல்டிஎஸ், ஐந்து ஆண்டு தாங்கும். நடுவில் வருபவற்றுக்கு ஒன்பதே மாதம்.

இரண்டாம் படி: பெயரை மறைத்துவிட்டு மூன்று கேள்வி

இனி எந்த ஓஎஸ் எதிரே வந்தாலும் கிளையின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு மூன்றைக் கேளுங்கள். இன்றைக்குப் பிறகு இந்தக் கிளைக்குள் என்னென்ன நுழையும்? திருத்தம் ஆக்கிவைத்த சோறாக வருமா, இல்லை அரிசியாக வந்து நான்தான் பொங்கவேண்டுமா? எந்த நாள்வரை ஆதரவு?

முதல் கேள்விக்குத் திருத்தம் மட்டும் என்று பதில் வந்தால் அது புதியவருக்கான கிளை. புது வசதியும் வரும் என்றால் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

இரண்டாவது கேள்வியை மலையகத்தில் இருப்பவர் கூடுதலாக அழுத்திக் கேட்கவேண்டும். ஃப்ரீபிஎஸ்டி ரிலீஸில் "ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஃபெட்ச்", அப்புறம் "ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் இன்ஸ்டால்", அவ்வளவுதான், ஆக்கிவைத்த திருத்தம் இறங்கிவிடும். ஓபன்பிஎஸ்டியில் "சிஸ்பேட்ச்" என்ற ஒரே சொல். டெபியனில் "ஏபிடி அப்டேட்", "ஏபிடி அப்கிரேட்". எல்லாம் சில எம்பியிலிருந்து சில நூறு எம்பிக்குள் முடிகிற காரியம். மூலநிரலிலிருந்து கட்டுவது என்றால் டேட்டா, நேரம், தடைபடாத மின்சாரம் மூன்றும் வேண்டும். மழைக்காலத்தில் மூன்றாவதுக்கு நம்மூரில் யார் உத்தரவாதம் தருவது?

மூன்றாவது கேள்விதான் பலர் மறப்பது. ஃப்ரீபிஎஸ்டி 14 வரிசைக்கு 2028 நவம்பர் 30 வரை ஆதரவு. ஆனால் அது வரிசைக்குத்தான். அதற்குள் இருக்கும் 14.2, 14.3 போன்ற புள்ளிப் பதிப்பு ஒவ்வொன்றும் அடுத்தது வந்து மூன்று மாதம் வரை மட்டுமே தாங்கும். "2028 வரை கவலையில்லை" என்று 14.2 ஐ அப்படியே விட்டுவைக்க முடியாது. 15 வரிசையிலிருந்து வரிசைக்கான காலத்தையும் ஐந்திலிருந்து நான்கு ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள். ஓபன்பிஎஸ்டியில் கடைசி இரண்டு பதிப்புக்கு மட்டும் திருத்தம் கிடைக்கும், அதாவது சுமார் ஓராண்டு. டெபியன் ஸ்டேபிளுக்கு மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதன்மேல் நீண்டகால ஆதரவுக் குழுவின் இரண்டு.

மூன்றாம் படி: மெஷினைத் திறந்து பாருங்கள்

இங்கே கைக்கு வருகிற மெஷின்களில் பாதி, அலுவலகங்கள் கழித்துவிட்டவை. அதனால் கிளையைப் பற்றி யோசிக்கும் முன் ப்ராசசர் 64 பிட்டா என்று பாருங்கள். டெபியன் 13 இல் 32 பிட் மெஷினுக்கான நிறுவி கிடையாது. ஃப்ரீபிஎஸ்டி 15 உம் 32 பிட் பிசிக்கு நிறுவும் பதிப்பு தருவதை நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட பழைய மெஷின்தான் கையில் என்றால் ஓபன்பிஎஸ்டி இன்னும் அதைக் கைவிடவில்லை. ஆனால் அதில் பிரவுசர் திறந்து யூடியூப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள்.

அடுத்தது வைஃபை. லெப்டொப்பாக இருந்தால் டெபியன் 12 இலிருந்து வரும் நிறுவியில் வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் (அட்டைக்குள் ஓடும் சிறு மென்பொருள்) உள்ளேயே இருக்கிறது. அதற்கு முன் தனியாகத் தேடி இன்னொரு பென் டிரைவில் போடவேண்டியிருந்தது. பிஎஸ்டி போடுவதானால் முதல் நாள் ஒரு லேன் கேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் இப்படிப் பிரிப்பேன். வகுப்புப் பிள்ளைகள் தட்டும் மெஷினுக்கும், வீட்டில் ஒரே லெப்டொப் உள்ளவருக்கும் டெபியன் ஸ்டேபிள். அதன் வரைகலை நிறுவியில் தமிழும் இருக்கிறது. 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான மேசைத்தளம் போதும். பைல்களைக் காக்கும் சர்வருக்கு ஃப்ரீபிஎஸ்டி ரிலீஸ், அதன் இசட்எஃப்எஸ் என்ற பைல் அமைப்புக்காகவே. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் பழைய தரவின் மேல் எழுதாமல் வேறிடத்தில் எழுதும் வகை அது, அதனால் பைல் அமைப்பு பாதியில் கிழிந்து நிற்பதில்லை. இணைய வாசலில் நிற்கும் ரவுட்டருக்கு ஓபன்பிஎஸ்டி.

நான்காம் படி: இறக்குவது

ஃப்ரீபிஎஸ்டி தளத்தில் "ரிலீசஸ்" என்ற அடைவும் "ஸ்னாப்ஷாட்ஸ்" என்ற அடைவும் தனித்தனியாக இருக்கும். ஸ்டேபிளும் கரண்டும் ஸ்னாப்ஷாட்ஸுக்குள். அந்தச் சொல் கண்ணில் பட்டால் திரும்பி வந்துவிடுங்கள். டெபியனில் முதற்பக்கத்தில் தருவதே ஸ்டேபிள்தான். "நெட்இன்ஸ்ட்" கோப்பு ஒரு ஜிபிக்குள் அடங்கும், மிச்சத்தை நிறுவும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் பேக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

இறங்கியதும் கோப்பின் கைரேகை போன்ற ஷா256 கூட்டுத்தொகையைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் பாதியில் அறுந்த கோப்பு முழுதாய் இறங்கியது போலவே இருக்கும். அதைப் பென் டிரைவில் எழுதி, நிறுவும்போது பாதியில் நின்றால் ஓஎஸைத் திட்டுவோம்.

ஃப்ரீபிஎஸ்டி 15 இல் ஒரு சின்ன விஷயம். அடிப்படை ஓஎஸைப் பழைய தொகுப்பு முறையில் (சில பெரிய கட்டுகளாக) நிறுவவா, பொதி முறையில் (சின்னச் சின்னப் பொதிகளாக) நிறுவவா என்று நிறுவி கேட்கும். 15.0 இல் பொதி முறை முன்னோட்டமாகத்தான் வந்தது. பழையதைத் தேர்ந்தால்தான் மேலே சொன்ன ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் வேலை செய்யும்.

ஐந்தாம் படி: நிறுவிய அன்றே

முதலில் நீங்கள் எந்தக் கிளையில் இருக்கிறீர்கள் என்று மெஷினையே கேளுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் "யூநேம் -ஆர்". 14.3-ரிலீஸ்-பி2 என்று வந்தால் நல்லது. கடைசியில் உள்ள பி2, இரண்டாவது திருத்தம் வரை போட்டாயிற்று என்பதன் அடையாளம். 14.3-ஸ்டேபிள் என்று வந்தால் என் கதைதான். "ப்ரீரிலீஸ்" என்று வருவதும் ஸ்டேபிள் கிளையே, அடுத்த ரிலீஸ் நெருங்கும்போது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

டெபியனில் ஒரு பைலை நிதானமாகத் திறந்து பாருங்கள். "இடிசி" அடைவுக்குள் "ஏபிடி", அதற்குள் "சோர்சஸ்.லிஸ்ட்". மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் வரிகள் அதில் இருக்கும். வரியின் நடுவில் டிரிக்ஸி என்று பதிப்பின் பெயர் இருக்கவேண்டும். சிலர் இணையத்தில் பார்த்து அந்த இடத்தில் "ஸ்டேபிள்" என்று எழுதிவிடுகிறார்கள். எழுதிய நாளில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஸ்டேபிள் என்பது நாற்காலியின் பெயர், டிரிக்ஸி உட்கார்ந்திருக்கும் ஆளின் பெயர். 2025 ஆகஸ்ட் 9 அன்று நாற்காலியில் புக்வர்ம் எழுந்து டிரிக்ஸி உட்கார்ந்தது. ஸ்டேபிள் என்று எழுதி வைத்தவர்களின் மெஷின், அடுத்த அப்டேட்டில் ஓஎஸ் முழுவதையும் புதிய பதிப்புக்குத் தூக்கப் பார்த்திருக்கும். ஏபிடி இப்போதெல்லாம் பெயர் மாறிவிட்டது என்று நிறுத்திக் கேட்கிறது என்றாலும், கேள்வியைப் படிக்காமல் ஆம் என்று தட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆளின் பெயரையே எழுதுங்கள். எப்போது மாறுவது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

பிறகு ஒருமுறை முழு அப்டேட். அதை முடிந்தவரை காலையில் செய்யுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே இடி மின்னலுக்கு நேரம் பிற்பகல் என்பது உங்களுக்கே தெரியும்.

ஃப்ரீபிஎஸ்டியில் மேலதிக மென்பொருள்களுக்கும் இரண்டு ஓடை உண்டு, காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது ஒன்று, உடனுக்குடன் புதுப்பிப்பது மற்றது. ரிலீஸில் இயல்பாகவே காலாண்டுதான் இருக்கும், கைவைக்கவேண்டாம்.

ஆறாம் படி: அடுத்த பதிப்பு வந்தால்

வெளிவந்த அன்றே ஓடிப்போய்ப் போடாதீர்கள். நான் இரண்டு மூன்று வாரம் பொறுத்து, வகுப்பு இல்லாத ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் மாற்றுகிறேன். ஒரே நாளில் ஆறு மெஷினிலும் கைவைப்பதில்லை. ஒன்றில் போட்டு, ஒரு வாரம் பிள்ளைகளைத் தட்டவிட்டு, அப்புறம் மற்றவை.

ஃப்ரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் போட்டிருந்தால் மாற்றும் முன் "பிஇசிடிஎல் கிரியேட்" என்று அடித்து ஒரு பெயர் கொடுங்கள். இப்போதுள்ள ஓஎஸின் நிலை அப்படியே சேமிக்கப்படும். புதியது சரிவராவிட்டால் மெஷின் தொடங்கும்போது வரும் மெனுவில் பழையதைத் தேர்ந்து திரும்பிவிடலாம். மேம்படுத்தல் நன்றாக முடிந்ததும் "இசட்பூல் அப்கிரேட்" செய்யலாம் என்று மெஷின் யோசனை சொல்லும். அவசரப்படாதீர்கள். அதைச் செய்துவிட்டால் வட்டில் புதிய அம்சங்கள் ஏறிவிடும், பழைய ஓஎஸால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். திரும்பிப் போகவென்று கட்டிய பாலத்தை நாமே வெட்டிவிடுகிற காரியம் அது. ஒரு மாதம் போகட்டும்.

ஏற்கெனவே தவறான கிளையில் இருந்தால்

ஃப்ரீபிஎஸ்டி ஸ்டேபிளிலிருந்து ரிலீஸுக்கு வர, அடுத்த ரிலீஸ் வரும்வரை பொறுத்து அதன் மூலநிரலைக் கட்டலாம். சின்ன மெஷின் என்றால் பைல்களை வெளியே எடுத்துவிட்டு மறுபடி நிறுவுவதே குறுக்குவழி. நான் அதைத்தான் செய்தேன், தேநீர் குடித்த நேரம் உட்பட ஒன்றரை மணி நேரம்.

டெபியன் டெஸ்டிங்கில் இருப்பவர் ஸ்டேபிளுக்கு இறங்கமுடியாது, பின்னோக்கிப் போவதை டெபியன் ஆதரிப்பதில்லை. ஆனால் ஒரு வழி உண்டு. சோர்சஸ்.லிஸ்டில் டெஸ்டிங் என்று இருப்பதை அதன் பெயரான ஃபோர்கி என்று மாற்றிவிட்டுக் காத்திருங்கள். ஃபோர்கி ஸ்டேபிள் ஆகும் நாளில் நீங்களும் ஸ்டேபிளில் இருப்பீர்கள். அதுவரை பாதுகாப்புத் திருத்தம் ஸ்டேபிளுக்கு வருகிற வேகத்தில் உங்களுக்கு வராது, அதைத் தெரிந்துகொண்டு இருங்கள்.

அப்படியென்றால் ஃப்ரீபிஎஸ்டி ஸ்டேபிள் யாருக்குத்தான்?

உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்டெல் வைஃபை அட்டை உள்ள லெப்டொப்பில் ஃப்ரீபிஎஸ்டி வெகுகாலம் பழைய, மெதுவான வேகத்திலேயே பேசிக்கொண்டிருந்தது. "என்", "ஏசி" எனப்படும் வேகமான வைஃபை தரங்கள் 2025 ஜூனில் வந்த 14.3-ரிலீஸோடு கைக்கு வந்தன. அந்த வேலை அதற்கு முன்பே 14-ஸ்டேபிளில் சேர்ந்திருந்தது, அதில் இருந்தவர்கள் முன்னாலேயே அனுபவித்தார்கள். இப்படி ஒரு குறிப்பிட்ட திருத்தத்துக்காகக் காத்திருப்பவர், அடுத்த ரிலீஸில் தன் மென்பொருள் ஓடுமா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டியவர், பிழை கண்டுபிடித்து எழுதி அனுப்ப நேரமுள்ளவர், இவர்களுக்கு அது நல்ல கிளை. அவர்கள் இல்லையென்றால் நமக்கு வரும் ரிலீஸ் இவ்வளவு ஒழுங்காக வராது.

எங்கள் அறையிலும் வேறொரு மெஷினில் ஸ்டேபிள் வைத்திருக்கிறேன், ஜன்னலோரம் உள்ளது. அந்தக் கேள்வி கேட்ட மாணவிதான் இப்போது அதற்குப் பொறுப்பு. மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறாள், எது உடைந்தது என்று ஒரு சிஆர் கொப்பியில் எழுதிவைக்கிறாள். மெஷினின் பக்கவாட்டில் அவள் கைப்பட எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது: "இது ஸ்டேபிள். இதில் யாரும் ஒப்படை எழுத வேண்டாம்."